அண்ணா, ஸ்டாண்டு! சைக்கிளில் போகிறவர் அடுத்த வண்டியின் குறையைச் சொல்வது எப்படி

போன ஐப்பசி மழையில் ஒரு நாள், மாலை ஏழு மணி இருக்கும். சென்னை தரமணி 100 அடி சாலையில் எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார். அது நிற்கும்போதெல்லாம் பின்னால் பிரேக் லைட் எரியவில்லை. இரண்டு முறை போய் முட்டப் பார்த்தேன். சிக்னலில் நின்றதும் டிக்கியில் நாலு தட்டு தட்டி, "ஹலோ, பிரேக் லைட் எரியல, பாக்க மாட்டீங்களா?" என்றேன். அவர் இறங்கினார், பின்னால் வந்து பார்த்தார். சிவப்பு விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. "எரியுதே, கண்ணு தெரியலையா?" என்றார். அப்புறம் கதவில் இருந்த ஒரு கீறலைக் காட்டி, இது உன் ஹேண்டில்பார் பண்ணினதுதான் என்று ஆரம்பித்தார். நல்லது சொல்லப் போன எனக்கு அதனால் மூன்று மாலைகள் காவல் நிலையத்தில் போயின.

நான் சொன்னது உண்மைதான், சொன்ன விதம்தான் கோணல். அதற்குப் பிறகும் வேளச்சேரியிலிருந்து அடையாறுக்கு சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன், வாரத்துக்கு நாலைந்து பேரிடமாவது ஏதாவது சொல்கிறேன். ஒரு சண்டைகூட வரவில்லை. புதிதாக சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்திருப்பவர்கள் என் மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று இதை எழுதுகிறேன்.

சைக்கிளில் போனால் இதெல்லாம் கண்ணில் படாமல் இருக்காது. நம் வேகம் குறைவு, கண்ணாடி கிடையாது, பாட்டு ஓடாது. முன்னால் போகிற ஸ்கூட்டியின் டயரில் காற்று இறங்கியிருப்பது நமக்குத் தெரியும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

1. முதலில் உங்கள் சைக்கிளைச் சரி பண்ணுங்கள்

பின்னால் விளக்கு இல்லாத சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு காரின் விளக்கைப் பற்றிப் பேசினால் என்ன பதில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு ஆன செலவு இது: பின்னால் மாட்டும் சிவப்பு மினுக்கு விளக்கு 250 ரூபாய், யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஆகும் முன்விளக்கு 600, மணி 80, ஒட்டுகிற ரிஃப்ளெக்டர் பட்டை 100. மொத்தம் ஆயிரத்து சொச்சம். மாட்டுவதற்கு அரை மணி நேரம், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

புது சைக்கிள்களில் ரிஃப்ளெக்டர் கட்டாயம் என்பதால் கடையிலேயே முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பெடலில் மஞ்சள் என்று மாட்டித்தான் தருகிறார்கள். அழகாக இல்லை என்று ஒரே மாதத்தில் கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு. நானும் போட்டேன், அப்புறம் டிராயரில் தேடி எடுத்து மாட்டினேன். கழற்றாதீர்கள். மேலும் கீழும் போகிற பெடல் ரிஃப்ளெக்டரைப் பார்த்த உடனே பின்னால் வருகிறவருக்கு இது சைக்கிள் என்று புரிந்துவிடும்.

பொறி, அதாவது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம்: விளக்கை வாங்கி மேல்நோக்கி மாட்டுவது. பின்னால் வருகிற பைக்காரருக்குக் கண் கூசும். ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து, "தம்பி, உங்க லைட்டு நேரா என் மூஞ்சில அடிக்குது" என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. கொஞ்சம் தரையைப் பார்த்த மாதிரி சாய்த்து மாட்டுங்கள்.

2. எதைச் சொல்வது, எதை விடுவது

பார்க்கிற குறையை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் நாம் வேலைக்குப் போய்ச் சேர மாட்டோம். நான் வைத்திருக்கும் கணக்கு இது: அடுத்த ஐந்து நிமிடத்தில் யாராவது விழ வாய்ப்பு இருந்தால் உடனே சொல்லிவிடுவேன். அவர் வீட்டுக்குப் போய் சரி பண்ணக்கூடியது என்றால் சிக்னலில் நின்றால் மட்டும் சொல்வேன். அவருக்கே தெரிந்திருக்கும் விஷயம் என்றால் வாயைத் திறப்பதில்லை.

உடனே சொல்ல வேண்டியவற்றில் முதலிடம் சைடு ஸ்டாண்டுக்கு. பைக்கின் ஸ்டாண்டு இடது பக்கம் இருக்கிறது. இடது பக்கம் சாய்ந்து திரும்பும்போது அது தரையில் தட்டி வண்டியையே தூக்கிவிடும். புது வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்டு கீழே இருந்தால் இன்ஜின் நின்றுவிடும் ஏற்பாடு இருக்கிறது. ஆகவே நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் பழைய வண்டியாக இருக்கும், இல்லை அந்த சுவிட்சை ஒயர் போட்டு ஏமாற்றிய வண்டியாக இருக்கும்.

அதற்கடுத்து துப்பட்டாவும் சேலை முந்தானையும். பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில், 123ஆவது விதியிலேயே இருக்கிறது. ஷோரூமில் மாட்டித் தருவார்கள், வண்டி ஸ்டைலாக இருக்க வேண்டும் என்று பையன் கழற்றிவிடுவான், பின்னால் உட்காருவது அம்மா. துணி சக்கரத்தில் சுற்ற ஒரு நொடி போதும். இதில் மட்டும் மரியாதை, முறை எல்லாம் பார்க்காமல் கத்துங்கள்.

பெட்ரோல் சொட்டுவது, காரின் கதவு சரியாக மூடாமல் இருப்பது, ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் மாட்டிய பை முன்சக்கரத்தை உரசுவது, குழந்தையின் கால் ஸ்போக்ஸ் பக்கம் தொங்குவது, இவையும் உடனே சொல்ல வேண்டியவைதான்.

சிக்னலில் சொல்லக்கூடியவை பிரேக் லைட், காற்றிறங்கிய டயர், அணைக்க மறந்த இண்டிகேட்டர், திறந்திருக்கும் பெட்ரோல் மூடி, டெலிவரி பையின் ஜிப். இதில் இண்டிகேட்டர் கொஞ்சம் அவசரம்தான். வலது பக்கம் மினுக்கிக்கொண்டே நேராகப் போகிறவரை நம்பித் திரும்புகிற ஆள் விழுவார்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. கறும்புகை அதில் ஒன்று. அது அவருக்கே தெரியும், சிக்னலில் வைத்து அவரால் ஒன்றும் செய்யவும் முடியாது. நம்பர் பிளேட் எழுத்து, சைலன்சர் சத்தம், கண்ணாடியில் கருப்புப் பேப்பர் எல்லாம் போலீஸ்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.

பொறி: "பகல்ல லைட் எரியுது" என்று பைக்காரர்களுக்கு ஜாடை காட்டுவது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் தானாகவே எரிந்தபடி இருக்கும், அணைக்க சுவிட்சே கிடையாது. இருந்தும் இன்றுவரை எதிரில் வருகிறவர்கள் விரலை மடக்கி விரித்துக் காட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நீங்களும் அந்த வரிசையில் சேராதீர்கள்.

3. பிரேக் லைட்டைப் பற்றித் தனியாக

என்னை மாட்டிவிட்டது இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய வகை பல்பில் இரண்டு இழை இருக்கும். ஒன்று 5 வாட், டெயில் லைட்டுக்கு. இன்னொன்று 21 வாட், பிரேக்குக்கு. பிரேக் இழை மட்டும் அறுந்துபோனால் டெயில் லைட் பாட்டுக்கு எரியும். ஓட்டுகிறவர் இறங்கிப் பின்னால் வந்து பார்த்தால் சிவப்பாகத்தான் தெரியும், ஏனென்றால் அவர் இறங்கியபோதே பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார். அன்றைக்கு அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. நான் பார்த்ததும் உண்மை, அவர் பார்த்ததும் உண்மை.

அதனால் "பிரேக் லைட் எரியல" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். "பிரேக் அழுத்தும்போது பின்னாடி எரியல சார், இடது பக்கம்" என்று சொல்லுங்கள். எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் என்றால் பல்பாக இருக்கும். எதுவுமே எரியவில்லை என்றால் பிரேக் சுவிட்சோ ஃபியூஸோ போயிருக்கலாம். மெக்கானிக்கிடம் அவர் அப்படியே சொல்ல முடியும்.

அவர் நம்பாவிட்டால் ஒரே ஒரு வரி சொல்லலாம்: "ராத்திரி சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி பிரேக்கை அழுத்திப் பாருங்க, தெரிஞ்சிடும்." பார்க்கிங்கிலோ கடைக் கண்ணாடியின் முன்னாலோ ஒரே ஆள் சோதித்துக்கொள்ள இதுதான் வழி.

செலவைக் கேட்டால் சொல்லலாம். பைக் பல்புக்கு என் நண்பன் கொடுத்தது 30 ரூபாய், கடைக்காரரே ஐந்து நிமிடத்தில் மாற்றித் தந்தார். எல்.இ.டி. விளக்காக இருந்தால் பல பைக்குகளில் முழு யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள், அது ஆயிரங்களில் போகும். மாற்றும் முன் கனெக்டரைக் கழற்றி மாட்டிப் பார்க்கச் சொல்வது நல்லது, மழைக்காலத்தில் பாதி நேரம் அங்கேதான் கோளாறு இருக்கும்.

4. எங்கே நின்று சொல்வது

ஓடுகிற வண்டியைத் துரத்திப் போய்ச் சொல்லாதீர்கள். ஸ்டாண்டையும் துணியையும் தவிர வேறு எதற்கும் இந்த விதியை நான் மீறுவதில்லை. சிக்னலில் நின்றிருக்கும்போது சொல்லலாம். நேரம் காட்டும் சிக்னல் என்றால் 15 நொடிக்கு மேல் இருந்தால்தான் ஆரம்பிப்பேன். மூன்று, இரண்டு, ஒன்று என்று போகும்போது நீங்கள் வாயைத் திறந்தால் பின்னால் இருக்கிற அத்தனை ஹாரனும் உங்களுக்குத்தான்.

நாம் சாலையின் இடது ஓரம் போகிறவர்கள், கார் ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார். நம் பக்கம் இருப்பது பயணியின் கண்ணாடி. அங்கே ஆள் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள், ஓட்டுகிறவர் அவர் சொன்னால் கோபப்படாமல் கேட்பார். ஆள் இல்லை என்றால் காரைவிட அரை அடி முன்னால் போய் நின்று, ஓட்டுகிறவர் கண்ணில் பட்டு, கையால் காட்டுங்கள். அதற்காக இரண்டு காருக்கு நடுவில் நுழைந்து வலது பக்கம் போக வேண்டாம்.

வண்டியைத் தொடாதீர்கள். டிக்கி, பானெட், கண்ணாடி எதையும் தட்ட வேண்டாம். என் கதை அங்கேதான் கெட்டது. காருக்குள் இருப்பவருக்கு வெளியே விழுகிற தட்டு இடித்த மாதிரிதான் கேட்கும்.

லாரியின் இடது பக்கத்தில் நிற்காதீர்கள். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற சைக்கிள், மேலே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. லாரியிடம் சொல்ல ஏதாவது இருந்தால் நன்றாக முன்னால் போய், அவர் முகம் உங்களுக்குத் தெரிகிற இடத்தில் நின்று சொல்லுங்கள். முகம் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

5. எப்படிக் கூப்பிடுவது

"ஹலோ" வேண்டாம். போனில் அது வணக்கம், சாலையில் அது சண்டைக்கு அழைப்பு. "யோவ்", "பாஸு" இரண்டும் அதே ரகம். ஆட்டோ, வேன், லாரி ஓட்டுகிறவர்களுக்கு "அண்ணா" சரியாக இருக்கும், தெற்கே "அண்ணே". கார் என்றால் "சார்" அல்லது "மேடம்". ஸ்கூட்டரில் போகிற பெண்களுக்கு "அக்கா" என்று கூப்பிட்டு ஒரு கல்லூரி மாணவியிடம் நான் முறைப்பு வாங்கியிருக்கிறேன். இப்போது வயது தெரியாவிட்டால் "ஏங்க" என்று மட்டும் சொல்கிறேன். பையன்கள் என்றால் "தம்பி" போதும், "டேய்" வேண்டவே வேண்டாம்.

கூப்பிட்ட உடனே பொருளின் பெயர் வர வேண்டும். "அண்ணா, ஸ்டாண்டு!" "ஏங்க, துப்பட்டா!" "சார், பின் டோர்!" அவ்வளவுதான். "ஸ்டாண்டை எடுக்காம எப்படிங்க ஓட்டுறீங்க" என்று தொடங்கினால் கடைசிச் சொல் வரும்போது அவர் திரும்பும் இடம் வந்துவிடும். டெலிவரி ஓட்டுகிற தம்பிகளில் பலருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், ஸ்டாண்டு, லைட், டோர், ஜிப் எல்லாம் எந்த ஊர்க்காரருக்கும் புரியும்.

கேள்வி கேட்காதீர்கள். "பாக்கலையா?", "தெரியலையா?", "சர்வீஸ் விடறதே இல்லையா?" என்று முடிகிற எல்லாமே குற்றச்சாட்டுதான். அபராதத்தைப் பற்றியும் பேசாதீர்கள். விளக்கு எரியாததற்குப் பொதுப் பிரிவில் முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறை 1500 வரை போடலாம் என்பது எனக்கும் தெரியும். சிக்னலில் அதைச் சொன்னால், இவன் போலீஸிடம் சொல்லிவிடுவான் என்றுதான் அவர் காதில் விழும்.

சொன்னதும் போய்விடுங்கள். இது நான் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆனது. அவர் சரி பண்ணுகிறாரா, தலையாட்டினாரா, நன்றி சொன்னாரா என்று திரும்பிப் பார்க்காதீர்கள். ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, பார்க்காத மாதிரியே போகிறவர்கள்தான் அதிகம். வெட்கம்தான் காரணம்.

பொறி: "ஓரமா நிறுத்துங்க" என்று சொல்வது. "ஆயில் ஒழுகுது", "டயர் பஞ்சர்", "பணம் கீழே கிடக்குது" என்று சொல்லி வண்டியை நிறுத்த வைத்து, கவனத்தைத் திருப்பி, பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற திருட்டு நம் ஊரில் எல்லோரும் கேள்விப்பட்டதுதான். நிறுத்தச் சொல்கிற ஆளை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. இருட்டிய பிறகு, தனியாகப் போகிற பெண் என்றால் ஒரு ஆணாக இன்னும் கவனம் தேவை. பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போகாமல், எட்ட இருந்து ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு வேகத்தைக் குறைத்துப் பின்தங்கிவிடுங்கள். என் அலுவலகத் தோழி சொன்னது: "சொல்றது யாரா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லிட்டு கூடவே வந்தாதான் பயம்."

பெட்ரோல் சொட்டுவது மட்டும் இதற்கு விலக்கு. "பெட்ரோல் சொட்டுது, பாத்து நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு, நீங்கள் நிற்காமல் போய்விடுங்கள். பங்கில் வழிய வழிய நிரப்பிக்கொண்டு வருகிற வண்டிகளில் இது கொஞ்ச தூரத்தில் தானாகவே நின்றுவிடும், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

6. கை ஜாடை

ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் கேட்காது, ஏசி காரில் சுத்தம். அதனால் வாயைவிடக் கைதான் அதிகம் உதவும்.

ஸ்டாண்டுக்கு ஆள்காட்டி விரலால் அவருடைய இடது காலுக்குக் கீழே காட்டி, மணிக்கட்டைப் பின்னால் சுண்டுங்கள். இண்டிகேட்டருக்கு, எந்தப் பக்கம் மினுக்குகிறதோ அந்தப் பக்கக் கையின் விரல்களை மூடித் திறங்கள். டயருக்கு டயரைக் காட்டி, உள்ளங்கையைத் தரை நோக்கி மெதுவாக அழுத்துங்கள். கதவுக்கு, கையை வெளியே விரித்து உடம்பை நோக்கி இழுங்கள். பிரேக் லைட்டுக்கு நல்ல ஜாடை இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. பின்பக்கம் காட்டி விரலை மூடித் திறந்தால் பலரும் இண்டிகேட்டரைத்தான் பார்க்கிறார்கள்.

விரலை முகத்துக்கு நேராக நீட்டாதீர்கள். ஜாடை காட்டும்போது ஒரு கை ஹேண்டில்பாரில் இருக்கும், பிரேக்கும் ஒன்றுதான் கைக்கு எட்டும். ஓடும்போது நான் பின் பிரேக்குள்ள கையை எடுப்பதே இல்லை. முன் பிரேக்கை மட்டும் பதறிப் பிடித்தால் தலைகுப்புறத்தான் விழுவோம்.

7. வண்டிக்கு வண்டி

ஆட்டோக்காரர்களிடம் சொல்வது ரொம்ப எளிது. பக்கத்தில் போய்ப் பேசலாம், கதவில்லை, கண்ணாடியில்லை, பதிலுக்கு அவரும் நம் சைக்கிளைப் பற்றி ஏதாவது சொல்வார். சவாரி இருக்கும்போது மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள். பயணியின் முன்னால் அவர் வண்டியைக் குறை சொன்ன மாதிரி ஆகக் கூடாது.

லாரியில் கிளீனர் இருந்தால் அவர்தான் நம் ஆள், இடது பக்கம் உட்கார்ந்திருப்பார். தார்ப்பாய்க் கயிறு தொங்கி இழுபடுவது, பின்கதவின் கொக்கி கழன்றிருப்பது, தண்ணி லாரியின் வால்வு ஒழுகிச் சாலையை நனைப்பது எல்லாம் சொல்லலாம். இன்னொன்று, ஜோடி டயருக்கு நடுவில் சிக்கிய கல். வேகம் எடுக்கும்போது அது தெறித்தால் பின்னால் வருகிறவருக்குக் குண்டு மாதிரி. ஒருமுறை மத்திய கைலாஷ் பக்கம் நின்ற ஜல்லி லாரியில் இளநீர் அளவுக்கு ஒன்றைப் பார்த்தேன். கிளீனரிடம் சொன்னதும் இறங்கி, கடப்பாறையால் நெம்பி எடுத்து, ஓரத்தில் உருட்டிவிட்டுப் போனார். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பஸ் என்றால் நிறுத்தத்தில் நிற்கும்போது கண்டக்டரிடம் சொல்லுங்கள். பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டவே கூடாது. இரண்டு விசில் கொடுத்தால் போகலாம் என்று அர்த்தம் இருக்கிற ஊரில், தகரத்தில் விழுகிற இரண்டு தட்டும் டிரைவருக்கு "ரைட்"தான். படிக்கட்டில் ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போது வண்டி நகர்ந்தால் பாவம் உங்களுக்குத்தான். விளக்கு இல்லாத பஸ்ஸைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் வழித்தட எண், பஸ்ஸின் பக்கத்தில் எழுதியிருக்கும் வண்டி எண், நேரம், இடம் நான்கையும் எழுதிப் புகார் அனுப்பலாம். ஓட்டுநரோடு வாதாடி எந்தப் பயனும் இல்லை, டிப்போவில் கொடுத்த வண்டியைத்தான் அவர் ஓட்டுகிறார்.

8. நமக்கு அவர்கள் சொல்லும்போது

இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சைக்கிளில் குறை இருந்து ஒரு காரோட்டி சொன்னால், உடனே நமக்கு வருவது "நீங்க மட்டும் ஒழுங்கா?" என்கிற கோபம். நம்மையே தினமும் ஹாரன் அடித்து ஓரம் கட்டுகிறவர்கள் என்பதால் அது நியாயமாகவும் தோன்றும்.

ஒரு நாள் விஜயநகர் சிக்னலைத் தாண்டி வரும்போது பின்னால் ஒரு ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது. வழி விட்டேன், போகவில்லை. திட்டலாம் என்று திரும்பினேன். அவர் ஒரு கையால் என் பின்சக்கரத்தைக் காட்டி, "பை வாரு!" என்றார். லேப்டாப் பையின் தோள்வார் அவிழ்ந்து, ஸ்போக்ஸுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நான் வாரைச் சுருட்டி உள்ளே செருகி நிமிர்வதற்குள் அவர் போய்விட்டார். சொல்லிவிட்டுப் போவது என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர் அவர்தான்.

அதனால் யாராவது ஏதாவது சொன்னால் கையைத் தூக்கி "சரிங்க" என்று சொல்லுங்கள். உண்மையா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சொன்ன இடத்திலேயே நிற்காதீர்கள். ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள ஒரு டீக்கடை வரை போய், பையைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். மேலே சொன்ன திருட்டு சைக்கிள்காரருக்கும் பொருந்தும்.

அவர் சொன்ன விதம் மோசமாக இருந்தால்? "சைக்கிளுக்கு லைட் போட மாட்டியா?" என்று ஒருமையில் கத்துகிறார் என்று வையுங்கள். விளக்கு உண்மையிலேயே அணைந்திருந்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒருமையை வீட்டுக்கு வந்து திட்டிக்கொள்ளலாம்.

9. எல்லாம் மீறித் தகராறு ஆகிவிட்டால்

எனக்கு ஆனது போல "நீ என் வண்டியைக் கீறிட்ட" என்று நின்றுவிட்டால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சைக்கிளை ஓரம் கொண்டுபோங்கள், அதற்கு முன் இரண்டு வண்டியும் நின்ற நிலையில் ஒரு படம் எடுங்கள். யாருக்காவது அடி என்றால் மற்ற எதையும் பேசாமல் 108. கை நீட்டுகிறார் என்றால் 112.

அடுத்தது உயரப் படம். கீறலுக்குப் பக்கத்தில் உங்கள் சைக்கிளை நிறுத்தி, ஹேண்டில்பார் முனையும் கீறலும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுங்கள். என்னைக் காப்பாற்றியது இந்தப் படம்தான். கீறல் கதவின் அடிவிளிம்பில், முழங்காலுக்குக் கீழே இருந்தது. என் ஹேண்டில்பார் இடுப்புக்கு மேலே. கீறலின் ஓரத்தில் துருவேறியிருந்ததும் படத்தில் தெரிந்தது. அன்றைக்குப் பட்ட கீறல் அன்றைக்கே துருப்பிடிக்காது.

அங்கேயே பணம் கொடுக்காதீர்கள். அவர் என்னிடம் கேட்டது 4000 ரூபாய். மறுநாள் ஒரு பெயின்டிங் கடையில் படத்தைக் காட்டிக் கேட்டேன், பாலிஷ் போட்டு டச்சப் பண்ண 600 என்றார்கள். அவர் ஏன் இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் பண்ணாமல் நம்மிடம் கேட்கிறார் என்றால், சின்னக் கீறலுக்கு க்ளெய்ம் போட்டால் அடுத்த வருடம் பிரீமியத்தில் கிடைக்கும் நோ க்ளெய்ம் போனஸ் என்கிற தள்ளுபடி போய்விடும். முதல் வருடமே அது 20 சதவீதம், வருடங்கள் ஏற ஏற 50 வரை போகும். தேர்டு பார்ட்டி, அதாவது அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்கான இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்தவர் என்றால் சொந்த வண்டிக்குக் கேட்கவே முடியாது. தப்பு உண்மையிலேயே உங்களுடையது என்றால் கடையின் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கி, யு.பி.ஐ.யில் குறிப்போடு அனுப்புங்கள். கையில் கொடுத்த காசுக்குச் சாட்சி கிடையாது.

காவல் நிலையம் வரை போனால் கேட்கிற ஆவணங்கள்: அடையாள அட்டை நகல் ஒன்று, சைக்கிள் உங்களுடையதுதான் என்பதற்கு பில். சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமம், பதிவு, இன்ஷூரன்ஸ் எதுவும் கட்டாயம் கிடையாது, "லைசென்ஸ் இருக்கா?" என்று எதிர்த்தரப்பு கேட்டால் பதற வேண்டாம். பில் எனக்குக் கிடைக்க இரண்டு மணி நேரம் ஆனது, பழைய மெயிலைத் தோண்டி எடுத்தேன். இன்றைக்கே பில்லையும், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பெடல் அச்சுக்கு அடியில் பொதுவாகப் பொறித்திருக்கும் ஃபிரேம் எண்ணையும் படம் எடுத்துப் போனில் வையுங்கள். திருட்டுப் போனாலும் இதுதான் உதவும். ஆதார் கொடுக்கிறீர்கள் என்றால் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைத் தரவிறக்கிக் கொடுங்கள்.

மனு எழுதுவதில் என் தப்பு என்னவென்றால் இரண்டு பக்கத்துக்குக் கதையாக எழுதியது. தேதி, நேரம், இடம், வண்டி எண், நடந்தது நாலு வரி, படங்கள் இத்தனை என்று முடித்துவிடுங்கள். மனுவை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது தர வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. கேட்காமல் வந்துவிட்டால் அடுத்த நாள் போய் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். நான் முதல் மாலையை அப்படித்தான் வீணாக்கினேன். இரண்டாம் மாலை ரசீது. மூன்றாம் மாலை இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்கள், உயரப் படத்தைப் பார்த்ததும் பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது. ஜெராக்ஸ், போக்குவரத்து எல்லாம் சேர்த்து எனக்கு 340 ரூபாய் ஆனது. அவர் 4000 பேச்சையே அப்புறம் எடுக்கவில்லை.

கடைசியில், இருவரும் சமாதானமாகப் போகிறோம், மேல் நடவடிக்கை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அதை அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள், யாரும் மறுக்கவில்லை. வெளியே வந்தபோது அவர் காரை எடுத்து ரிவர்ஸ் போட்டார். நிலையத்தின் சுவரில் வலது பக்கம் மட்டும் சிவப்பு வெளிச்சம் ஏறி இறங்கியது. நான் ஒன்றும் சொல்லாமல் கையால் சுவரைக் காட்டினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தார், பிரேக்கை இன்னொரு முறை அழுத்தினார், அப்புறம் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.